பெரியம்மாவின் வீணைக்கு என்ன விலை?

ஒரு குடும்பத்தில் பெரியவர் ஒருவர் காலமாகிவிட்டால், பின்னால் இருப்பவர்களுக்குத் துக்கம் பாதி, கணக்குப் பாதி என்று ஆகிவிடுகிறது. இதைச் சொல்ல நமக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் நேயர்களில் யாருக்கு இந்த அநுபவம் இல்லை? நிலம் என்றால் ஸர்க்கார் வழிகாட்டி மதிப்பு என்று ஒன்று இருக்கிறது. நகை என்றால் உரைகல்லும் தராசும் உண்டு. பித்தளை அண்டாவைக்கூட நிறுத்துப் பார்த்து, கிலோ இவ்வளவு என்று ஒரே வார்த்தையில் தீர்த்துவிடலாம். ஆனால் வீணையை எந்தத் தராசில் வைப்பது?

கும்பகோணத்தில் இருந்த நமது பெரியம்மா சென்ற தை மாதம் தமது எண்பத்து நாலாவது வயதில் சிவபதம் அடைந்தாள். அவளுக்குக் குழந்தைகள் இல்லை. ஐம்பது வருஷம் ஒரே வாடகை வீட்டில் குடியிருந்தவள். பங்குனிக்குள் வீட்டைக் காலி செய்து தரவேண்டும் என்று வீட்டுக்காரர் மரியாதையாகவே சொன்னார். பாத்தியப்பட்டவர்கள் மூன்று பேர்: நாம், நமது தங்கை, பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் சித்தி மகன். மூவருமாக உட்கார்ந்து, ஒரு பிற்பகலில் எல்லாவற்றையும் பங்கிட்டுவிட்டோம். உருளி தங்கைக்கு, ஊஞ்சல் பலகை தம்பிக்கு, புஸ்தகங்கள் நமக்கு. சண்டை இல்லை, கண்ணீர் கொஞ்சம் உண்டு. கடைசியில் உள் அறையிலிருந்த மர பீரோவை நகர்த்தியபோது, பழைய போர்வையால் தைத்த உறைக்குள் அந்த வீணை சுவரில் சாய்ந்து நின்றது.

1961-ஆம் வருஷத்தில், கல்யாணமான புதிதில், பெரியப்பா தஞ்சாவூரிலிருந்து வாங்கி வந்த வீணை அது. நமது பிள்ளைப் பிராயத்தில் கோடை விடுமுறைக்கு அந்த வீட்டுக்குப் போவோம். சாயங்காலம் விளக்கு ஏற்றியதும் பெரியம்மா கூடத்தில் பாய் விரித்து உட்காருவாள். தெருவில் உள்ள நாலைந்து பெண்களுக்குக் காசு வாங்காமல் கற்றுக் கொடுத்தும் வந்தாள். விரல் மூட்டுக்கள் வீங்கத் தொடங்கியதும், சுமார் பதினைந்து வருஷங்களுக்கு முன், உறையில் போட்டுக் கட்டினவள்தான், அப்புறம் அவிழ்க்கவில்லை.

"விற்று மூன்றாகப் பங்கிட்டுவிடலாம், அண்ணா" என்றான் தம்பி. அவன் மறுநாள் காலை ரயிலைப் பிடிக்கவேண்டும். தங்கை ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவளுடைய பெண்ணுக்கு ஆனி மாதத்தில் கல்லூரிச் சம்பளம் கட்டவேண்டியிருப்பதும், அதில் இருபதினாயிரம் ரூபாய் போலக் குறைவதும் நமக்குத் தெரியும். நாமே வைத்துக்கொள்ளக் கூடாதா என்று நேயர்கள் கேட்கலாம். மூவரில் வீணை வாசிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தங்கை மட்டும் சிறுமியாக இருந்தபோது அலங்காரம் வரையில் கற்றுக்கொண்டு, பிறகு பள்ளிக்கூடப் பரீக்ஷை, கல்யாணம் என்று விட்டுவிட்டாள். திருச்சியில் நாம் குடியிருப்பது இரண்டு அறைகள் கொண்ட மாடி வீடு. வீணையோ நாலடி நீளம். அதை நிறுத்தி வைத்தால், ஒன்று வீணை இருக்கலாம் அல்லது நாம் இருக்கலாம். ஆகவே விற்கிற பொறுப்பு நமது தலையில் விழுந்தது.

முதலில் வந்தவர் பழைய சாமான் வியாபாரி. வீட்டில் மிஞ்சிய கட்டில், அலமாரி எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ள வந்தவர், உறையை அவிழ்த்துப் பார்த்தார். மெட்டுக்களில் பாதி மெழுகை விட்டுக் கழன்று தரையில் கொட்டின. தந்திகள் துருவேறி அறுந்து சுருண்டு கிடந்தன. மேலே தண்டியின் அடியில் இருக்கும் சுரைக்காய் நசுங்கியிருந்தது.

"எல்லாம் போய்விட்டது, ஸார். இனிமேல் இது வெறும் கட்டை. 2,000 ரூபாய் தருகிறேன். அதுகூட அம்மா முகத்துக்காக" என்றார்.

நமக்கு அது நியாயமாகவே பட்டது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். தங்கைதான், "அவசரப்படாதே, அண்ணா" என்று தடுத்தாள்.

இரண்டு நாளில் பெங்களூர்த் தம்பியிடமிருந்து கைபேசியில் ஒரு படம் வந்தது. எங்கேயோ ஒருவர் இதே மாதிரியான வீணைக்கு 1,25,000 ரூபாய் என்று விளம்பரம் செய்திருக்கிறாராம். ஒரு நாள் முழுவதும் நாம் லக்ஷாதிபதியாக உலாவினோம். பிறகு யோசித்துப் பார்த்ததில், விலை போடுவது வேறு, விலை போவது வேறு என்பது விளங்கிற்று. நமது பழைய மிதிவண்டிக்கு ஒரு லக்ஷம் என்று நாமும் அட்டை எழுதித் தொங்கவிடலாம், தடுப்பவர் யார்? ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வீணை அதே விலையில் அங்கேயே இருந்தது.

மூன்றாவதாக வந்தவர்தான் நமது தூக்கத்தைக் கெடுத்தவர். பழம் பொருள்களை வாங்கிப் பெரிய ஹோட்டல்களுக்கும் மாளிகைகளுக்கும் அலங்காரத்துக்கு விற்பவர். அவர் தந்தியையோ மெட்டையோ பார்க்கவே இல்லை. குடத்தின் விளிம்பிலும் தண்டியின் இரு பக்கத்திலும் ஓடிய வெள்ளைப் பட்டைகளைத்தான் பார்த்தார். அவற்றின் மேல் கறுப்பும் சிவப்புமாகக் கொடிச் சித்திரம் வரைந்திருந்தது. விரலால் தடவினார், பையிலிருந்து பூதக் கண்ணாடியை எடுத்தார், பெருமூச்சு விட்டார்.

"தந்தம் போல இருக்கிறது, ஸார். தந்தமாக இருந்தால் 60,000 கொடுத்துவிடுகிறேன். ரொக்கம். ரசீது, கிசீது ஒன்றும் வேண்டாம்."

அறுபதினாயிரம்! மூன்றால் வகுத்தால் ஆளுக்கு இருபதினாயிரம். தங்கைக்குத் தேவையான தொகை அணுப் பிசகாமல் அதுதான். அவள் நம்மைப் பார்த்த பார்வையை நாம் மறக்கமாட்டோம். ஆனால் 'ரசீது வேண்டாம்' என்ற வார்த்தை நமது காதில் முள்ளாகக் குத்திற்று. வாங்குகிறவர் ரசீது வேண்டாம் என்றால் ஏதோ விஷயம் இருக்கவேண்டும் அல்லவா?

இருந்தது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நமது தேசத்தில் 1972-ஆம் வருஷத்தில் வந்தது. 1986-இல் செய்த திருத்தத்தால் இந்திய யானைத் தந்த வியாபாரமும், 1991-இல் செய்த திருத்தத்தால் வெளிநாட்டிலிருந்து வந்த தந்தத்தின் வியாபாரமும் அடியோடு தடுக்கப்பட்டன. பாட்டன் வைத்துவிட்டுப் போன தந்தப் பொருளாக இருந்தாலும், வாரிசாகப் பெற்றவர் 90 நாட்களுக்குள் வனத்துறை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். உரிமைச் சான்றுடன் வீட்டில் வைத்திருக்கலாம். விற்க மட்டும் கூடாது. மான் கொம்புக்கும் இதே கதிதான். பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்தமும் கொம்பும் பதிப்பது வழக்கமாக இருந்தபடியால், இது யாருக்கோ எங்கேயோ வரும் சங்கடம் அல்ல; வீட்டில் பழைய வீணை வைத்திருக்கும் எவருக்கும் வரக்கூடியதுதான்.

"யாருக்குத் தெரியப் போகிறது, அண்ணா?" என்றாள் தங்கை. அவள் பேராசைக்காரி அல்ல. பெண்ணின் படிப்பு நின்றுவிடுமோ என்ற பயம் அப்படிப் பேச வைத்தது. நாமோ வகுப்பில் பிள்ளைகளுக்குக் குடிமக்களின் கடமை என்ற பாடத்தை வருஷந்தோறும் நடத்துகிறவர்கள். ஆயினும் அன்றிரவு, பாடத்தையும் இருபதினாயிரத்தையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டு, விடியும் வரையில் கண் மூடவில்லை. பாடம் உடனே ஜயித்துவிட்டது என்று எழுதினால் அது பொய்.

நமது பள்ளிக்கூடத்தில் ஸங்கீதம் கற்பிக்கும் அம்மாள்தான் வழி காட்டினார். "வீணையைப் பற்றிக் கட்டில் வாங்குகிறவரிடமும் பொம்மை வாங்குகிறவரிடமும் கேட்டால் என்ன தெரியும்? செய்கிறவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்" என்றார். மறு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு வண்டியில் பழைய மெத்தையைப் பரப்பி, அதன்மேல் வீணையைப் படுக்கவைத்து, தங்கையும் நாமும் தஞ்சாவூருக்குப் புறப்பட்டோம். கழன்ற மெட்டுக்களைத் தங்கை ஒரு டப்பாவில் பொறுக்கி எடுத்து வந்திருந்தாள்.

பட்டறை என்றால் பெரிய கட்டடம் அல்ல; ஓட்டு வீட்டின் தாழ்வாரம். வாசலில் பலாக்கட்டைகள் அடுக்கியிருந்தன. உள்ளே மரத் தூளும் குங்கிலியமும் கலந்த வாசனை. பாதி குடைந்த குடங்கள் நாலைந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. தஞ்சாவூர் வீணைக்கு 2013-ஆம் வருஷத்தில் புவிசார் குறியீடு கிடைத்ததை நாம் பத்திரிகையில் படித்திருந்தோம். அதைப் பற்றி விசாரித்ததற்குப் பெரியவர், "கிடைத்தது, சந்தோஷம், உளி பிடிக்கத்தான் பையன்கள் வரவில்லை" என்று முடித்துவிட்டார். எழுபது வயதுக்கு மேலிருக்கும். நமது வீணையை மடியில் வாங்கி, முதலில் அந்த வெள்ளைப் பட்டையைத்தான் பார்த்தார். ஓரிடத்தில் பெயர்ந்திருந்த துண்டை நகத்தால் நெம்பி எடுத்து, வெளிச்சத்தில் பிடித்தார்.

"வாத்தியார் ஐயா, இதைத் தந்தம் என்று யார் சொன்னது? தந்தம் என்றால் குறுக்கு வெட்டிலே வலை பின்னினாற்போல் கோடு ஓடும். எலும்பு என்றால் ஊசி குத்தினாற்போல் சின்னச் சின்னப் புள்ளி தெரியும். இதிலே ஒன்றும் இல்லை. உள்ளும் புறமும் ஒரே பால் நிறம். பிளாஸ்டிக் தகடு, ஐயா!"

தங்கையின் முகம் வாடிவிட்டது. நமக்கோ மார்பின்மேல் இருந்த அம்மிக்கல்லை யாரோ எடுத்து வைத்தது போல் இருந்தது. பெரியவர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இதற்கு ஏன் வருத்தம்? தந்தமாக இருந்தால் வீட்டிலேதான் வைத்துக்கொண்டிருக்கவேண்டும். இப்போது தாராளமாக விற்கலாமே" என்றார். தங்கைக்கு அது உடனே சமாதானமாகவில்லை.

பிறகுதான் அவர் வீணையைப் பார்க்கத் தொடங்கினார். நாமெல்லாம் வீணையின் முகத்தைப் பார்ப்போம். அவர் அதைக் குப்புறக் கவிழ்த்து முதுகைப் பார்த்தார். ஈரத் துணியால் அழுக்கைத் துடைத்துவிட்டு, குடத்தின் அடியிலிருந்து தண்டி வழியாக யாளி முகம் வரையில் கட்டைவிரலை ஓட்டினார். நம்மையும் பார்க்கச் சொன்னார். மரத்தின் ரேகை குடத்தில் தொடங்கி, எங்கும் அறுபடாமல், யாளியின் கழுத்துவரை ஓடியது.

"ஏகாந்த வீணை" என்றார்.

நமக்கு அந்தச் சொல் விநோதமாக இருந்தது. தனிமைக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம்? ஏக கண்டம், அதாவது ஒரே துண்டு என்பதுதான் வழக்கில் ஏகாந்தமாகத் திரிந்தது போலும். குடம், தண்டி, யாளி மூன்றையும் ஒரே பலா மரத்திலிருந்து குடைந்து எடுத்தால் அது ஏகாந்தம். மூன்றையும் தனித்தனியே செய்து இணைத்தால் சாதா வீணை. ஒட்டு வீணை என்றும் சொல்வதுண்டு. ஒட்டின் மேல் பட்டையை ஓட்டிச் சித்திரம் தீட்டிவிட்டால் முன்பக்கத்தில் ஒன்றும் தெரியாது. முதுகில்தான் குட்டு வெளிப்படும். மூன்று பேர் விலை சொன்னார்களே, அவர்களில் ஒருவராவது வீணையைத் திருப்பிப் பார்த்தாரா?

அடுத்தபடி, வில்லாளி அம்பைப் பார்ப்பதுபோல, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தண்டியின் நீளத்தைப் பார்த்தார். வாசிக்காத வீணையில் தந்திகளை முறுக்கேற்றியபடியே வருஷக்கணக்கில் விட்டுவிட்டால், அந்த இழுப்பில் தண்டி மெல்ல வளைந்துவிடுமாம். வளைந்த தண்டியை நிமிர்த்துவது பிரம்மப் பிரயத்தனம். நமது வீணையில் பிருடைகள் தாமாகவே நழுவி, தந்திகள் தளர்ந்து, பிறகு துருப்பிடித்து அறுந்துவிட்டன. பழைய சாமான் வியாபாரி எதைப் பார்த்து வீணை போய்விட்டது என்றாரோ, அதுவே தண்டியைக் காப்பாற்றியிருந்தது!

கழன்ற மெட்டுக்களைக் காட்டித் தங்கை கவலைப்பட்டாள். பெரியவர் சிரித்தார். தேன்மெழுகும் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சி, தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்புப்போல் கட்டி, அதன்மேல்தான் 24 மெட்டுக்களையும் பதிக்கிறார்கள். மெழுகு எத்தனை காலம் நிற்கும்? வெயிலில் இளகும்; வயதானால் உதிரும். நன்றாக வாசிக்கிற வீணைக்கும் சில வருஷத்துக்கு ஒரு தடவை மேளம் கட்டத்தான் வேண்டும். அது விளக்குக்குத் திரி மாற்றுவது போன்ற காரியம். சுரைக்காயும் அப்படியே. ஒரு காலத்தில் உண்மையான சுரைக் குடுக்கை. இப்போது பெரும்பாலும் காகிதக் கூழ் அல்லது நார்க்கண்ணாடி. வீணையை மடியில் தாங்கி நிறுத்துவதுதான் அதன் முக்கிய வேலை. நாதத்தில் அதற்குப் பங்கு மிகச் சொற்பம். ஆக, பார்க்கிறவர் கண்ணுக்கு எவை பெரிய சேதமோ அவை சில்லறைச் செலவு.

உண்மையில் அவர் கவலைப்பட்ட இடம் வேறு. குடத்தின் மேல் பலகையில், குதிரைக்கு அப்பால், ஓரத்தை ஒட்டி விரல் நீளத்துக்கு ஒரு மயிரிழை வெடிப்பு. அது நமது கண்ணுக்குத் தெரியவே இல்லை. விரல் முட்டியால் குடத்தைச் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். அந்த இடத்தில் மட்டும் ஓசை சற்றே கரகரத்தது. "பலகையை மாற்றிவிட முடியாதா?" என்று கேட்டோம். "மாற்றலாம். மாற்றினால் உங்கள் பெரியம்மாவின் வீணை இராது. வேறு வீணை ஆகிவிடும். ஓரத்து வெடிப்புத்தான், உள்ளே பட்டை கொடுத்து ஒட்டிவிடுகிறேன்" என்றார்.

இதைக் கேட்டபோது, எப்போதோ படித்த ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. ஸ்பெயின் தேசத்தில் அந்தோனியோ டி டோரெஸ் என்று ஒரு கித்தார்ச் சிற்பி இருந்தார். இன்றைய கித்தாரின் வடிவத்தை வகுத்தவர் அவர் என்றே சொல்லலாம். 1862-இல் அவர் ஒரு விசித்திரமான கித்தார் செய்தார். மேல் பலகை மட்டும் நல்ல மரம்; முதுகும் விலாவும் வெறும் காகித அட்டை! கித்தாரின் நாதம் மேல் பலகையில்தான் இருக்கிறது என்பதை நிரூபிப்பதற்காகச் செய்தது. அது இன்றும் பார்ஸலோனா நகரத்து ஸங்கீத அருங்காட்சிசாலையில் இருக்கிறது. வீணையும் கித்தாரும் ஒன்றல்ல. பலாக் குடத்தின் பெருமையை நாம் குறைக்கவும் இல்லை. ஆனால் ஸ்பெயின் தேசத்துத் தச்சரும் தஞ்சாவூர் ஆசாரியாரும் பலகை விஷயத்தில் ஒரே குரலில் பேசியது நமக்கு ஆச்சரியமாக இருந்தது.

டப்பாவிலிருந்த மெட்டுக்களைப் பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து, வரிசையாக வைத்தார். சிலவற்றில் தந்தி தேய்ந்த பள்ளம் ஆழமாக இருந்தது. நேர்ப் பள்ளம்கூட அல்ல; தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து இழுத்துக் கமகம் பிடித்ததால் அகன்று வழுக்கலான பள்ளம். "அம்மா நிறைய வாசித்திருக்கிறார்கள். நடு ஸ்தாயியில்தான் அதிகம். மேலே கடைசி நாலு மெட்டும் புத்தம் புதிதாக இருக்கிறது, பாருங்கள், அங்கே போகவே இல்லை" என்றார். பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்கள் நாம். அவள் மேல் மெட்டுக்குப் போகவில்லை என்பது நமக்குத் தெரியாது. அவளை ஒருநாளும் கண்டிராத மனிதர் சொல்லித் தெரிந்துகொண்டோம். தங்கை அந்த நாலு மெட்டுக்களையும் கையில் எடுத்து நெடுநேரம் வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் இந்தப் பள்ளங்களுக்குக் கடைத் தெருவில் விலை கிடையாது என்பதையும் சொல்லவேண்டும். வாசித்த கைக்குப் பேர் இருந்தால்தான் வாத்தியத்துக்கு அந்த விலை. வீணை தனம்மாளோ காரைக்குடி ஸாம்பசிவய்யரோ மீட்டிய வீணை என்று ருசுவுடன் ஒன்று வந்தால், மெட்டு இருக்கிறதா என்று யாராவது கேட்பார்களா? அமெரிக்காவில் கர்ட் கோபேன் என்ற பாடகர் 1993-இல் ஒரு தொலைக்காட்சிக் கச்சேரியில் வாசித்த கித்தார், 2020-இல் ஏலத்தில் 60 லக்ஷம் டாலருக்கு மேல் போயிற்று. அதே வருஷத்தில் அதே தொழிற்சாலையில் பிறந்த அதன் உடன்பிறப்பு அதில் எத்தனையில் ஒரு பங்கு பெறுமோ! பெரியம்மா மேடை ஏறியவள் அல்ல. கும்பகோணத்துக் கூடம் ஒன்றில் நாலு பெண்களுக்கு ஸரளி வரிசை சொல்லிக் கொடுத்தவள். அந்தக் கணக்கில் அவளுடைய வீணைக்கு ஒரு ரூபாய்கூட ஏறாது. நம் மூவருக்கும் அது எத்தனை பெரிதாக இருந்தாலும் வாங்குகிறவர் அதற்குப் பணம் தரவேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம் அல்ல. இதை ஒப்புக்கொள்ள நமக்குச் சில நாட்கள் பிடித்தன.

நிற்க. பெரியவர் சொன்ன விலை இது: "இப்படியே கொடுத்தால் நான் 18,000 தருகிறேன். அதிகம் தருகிறேன் என்று சொல்லமாட்டேன். வாங்கிச் சீர் செய்து விற்கிறவன் விலை அவ்வளவுதான். வெடிப்பை ஒட்டி, மேளம் கட்டி, குதிரைத் தகட்டைச் சீர் பண்ணி, தந்தி, சுரைக்காய் எல்லாம் போட 7,200 ஆகும். வாசிக்கத் தெரிந்தவர் கேட்டுப் பார்த்து வாங்கினால் 35-க்கும் 40-க்கும் நடுவிலே போகும். போகும் என்று நான் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது."

வண்டியில் திரும்பும்போது தங்கை, "விற்கப் போகிற சாமானுக்கு எதற்கு அண்ணா செலவு? 18,000-ஐ வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம்" என்றாள். அதில் அர்த்தம் இருந்தது. ஆளுக்கு ஆறாயிரம், தொல்லை தீர்ந்தது. நமக்கு மட்டும் ஒரு விஷயம் உறுத்திற்று. இதுவரை விலை சொன்ன நாலு பேரில் ஒருவரும் அந்த வீணையின் நாதத்தைக் கேட்கவில்லை. கேட்பதற்கு இல்லை, அது ஊமையாகக் கிடந்தது. மாட்டை விற்கிறவன் கறந்து காட்டிவிட்டு விலை பேசுகிறான். நாம் மீட்டிக் காட்டாமல் வீணையை விற்பதா? செலவை முதலில் நமது கையிலிருந்து போடுவதாகவும், விலை போகாவிட்டால் அது நம்மோடு போகட்டும் என்றும் சொன்னபிறகு தங்கை சம்மதித்தாள். இந்த ஏற்பாடு நமது இல்லாளுக்குத் தெரிந்தது பிற்பாடுதான்.

மூன்று வாரம் சென்று போனோம். மெட்டு வைப்பதைப் பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டதால் பெரியவர் அந்த வேலையை நாம் வரும் நாளுக்கு நிறுத்தி வைத்திருந்தார். அளவுகோல் கிடையாது. தந்தியைக் கட்டி மீட்டிக்கொண்டே, இளகிய மெழுகில் மெட்டை அரை நெல், கால் நெல் என்று நகர்த்தி, காது ஒப்புக்கொண்ட இடத்தில் அழுத்துகிறார். ஸ்தாயிக்குப் பன்னிரண்டாக இரண்டு ஸ்தாயிக்கு 24 மெட்டு. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் வகுத்த முறை இது என்பார்கள். ஒரு மெட்டு பிசகினால் மறுபடி இளக்கவேண்டும். காலையில் தொடங்கியவர் விளக்கு வைக்கும் நேரத்தில்தான் எழுந்தார். பள்ளம் விழுந்த மெட்டுக்களை அராவிச் சமன் செய்து அவற்றையே வைத்தார்.

வீணையைத் திருச்சிக்குக் கொண்டுவந்து, பள்ளிக்கூடத்து அம்மாளிடம் கொடுத்தோம். அவர் ஒரு மணி நேரம் வாசித்தார். தட்சிணை வாங்கிக்கொண்டு புகழ்கிறவர் அல்லர். ஆகையால் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறோம். மந்தரத் தந்தியில் நாதம் கம்பீரம். ஒரு மீட்டுக்கு நாலு ஸ்வரம் இழுத்தாலும் ஓயாமல் நிற்கிறது. புது வீணையில் இது லேசில் கிடைக்காது. பஞ்சமம் நன்று. மேல் ஸ்தாயியில் மட்டும் குரல் சற்று அடங்கிவிடுகிறது. கச்சேரி வித்வான்களுக்கு அது குறை. கற்றுக்கொள்கிறவர்களுக்கும் வீட்டில் வாசிக்கிறவர்களுக்கும் குறை அல்ல. "பெரியம்மா மேலே போகாததன் காரணம் இப்போது புரிகிறதா?" என்று அவர் கேட்டபோது தங்கை சிரித்துவிட்டாள். வீணை வந்தபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

இதற்குள் பழம் பொருள் வியாபாரி இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். பட்டை பிளாஸ்டிக் என்று சொன்னதும் விலை 60,000-லிருந்து 12,000-க்கு இறங்கிற்று. மேளம் கட்டியாகிவிட்டது என்று சொன்னோம். "அதெல்லாம் நமக்கு எதற்கு, ஸார்? வரவேற்பறையில் நிறுத்தி வைக்கத்தானே!" என்றார்.

வாங்கியது அந்த அம்மாளிடம் கற்றுக்கொள்ளும் பதினைந்து வயதுப் பெண். இரவல் வீணையில் நாலு வருஷமாக வாசித்து வருகிறாள். தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தில் குமாஸ்தா. நாம் 40,000 என்றோம். மேல் ஸ்தாயி அடக்கத்தை நாமே முதலில் சொல்லிவிட்டோம். அந்தப் பெண் ஒரு புது வீணையையும் இதையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்த்துவிட்டு, தகப்பனார் காதில் ஏதோ சொன்னாள். அவர் மிகவும் தயங்கி, "37,000 என்று முடித்துக்கொள்ளலாமா, ஸார்? 25,000 இப்போது தருகிறேன். பாக்கி ஆவணிக்குள்" என்றார். தங்கையைப் பார்த்தோம். அவள் தலையசைத்தாள்.

37,000-இல் சீர் செய்த செலவு 7,200, வண்டிக் கூலி 2,800 போக, 27,000; ஆளுக்கு 9,000. முதலில் வந்த தொகையில் தங்கையின் பங்கையும் தம்பியின் பங்கையும் சேர்த்து 18,000-ஐத் தங்கையிடம் கொடுத்துவிட்டோம். தனக்கு ஆவணியில் வந்தால் போதும் என்று தம்பி எழுதியிருந்தான். இரண்டாயிரத்தை அவள் எங்கேயோ புரட்டி ஆனியில் சம்பளம் கட்டிவிட்டாள்.

வீணையை எடுத்துப் போக வந்த அன்று, உறையைத் தங்கை தரவில்லை. புது உறை தைத்துக் கொடுத்தாள். மெழுகு மறுபடி உதிரும்போது போகவேண்டிய தஞ்சாவூர் விலாசத்தை நாம் ரசீதின் பின்புறத்தில் எழுதினோம். தகப்பனார் ரசீதை இரண்டு தரம் படித்துவிட்டு, சற்றுக் கூச்சத்துடன், "இதில் தந்தம் ஒன்றும் இல்லை என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுகிறீர்களா, ஸார்?" என்று கேட்டார். எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம்.